பழனியம்மாளின் கிடாருக்கு ஒரு பெட்டி

கிடார் வாங்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே கடைக்குள் நுழைவார்கள். அதே ஆட்கள் அதற்குப் பெட்டி வாங்க வரும்போது அபராதம் கட்ட வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற சாலையில் இருபத்திரண்டு வருடமாக இசைக்கருவிக் கடை நடத்துகிறேன். உங்களில் யாராவது குடைக்கு உறை, கண்ணாடிக்குக் கூடு, செல்போனுக்குச் சட்டை என்று இன்னொரு பொருளைக் காப்பாற்றுகிற பொருளை விற்று வயிறு வளர்க்கிறவர்களாக இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே சாதி. பொருள் நன்றாக இருந்தால் பொருளுக்குப் பெருமை, உடைந்தால் உறைக்குத் திட்டு.

கீழே இருக்கிற தொல்லைகள் எல்லாம் ஒரே ஒரு கிடாரால் வந்தவை.

முழங்கால்

பழனியம்மாளுக்கு நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். பக்கத்துப் பூம்பாறைக் கிராமத்தில் பூண்டு விவசாயம் செய்கிற குடும்பம். இவர் மட்டும் பதினைந்து வருடம் கொடைக்கானல் பள்ளிக்கூடம் ஒன்றில் இசை அறையைக் கூட்டிப் பெருக்கி, கருவிகளைத் துடைத்து அடுக்குகிற வேலை பார்த்தார். துடைத்துத் துடைத்து வாசிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார். அங்கிருந்த இசை ஆசிரியை ஓய்வு பெற்றுப் போகும்போது தன்னுடைய ரெசொனேட்டர் கிடாரை வேறு யாருக்கும் கொடுக்காமல் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கிடாரின் வயிற்றில் ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் உலோக மூடி இருக்கும். அதற்கு அடியில் அலுமினியத்தில் காகிதம்போல மெல்லிய கிண்ணம் ஒன்று. சத்தம் பிறப்பதே அந்தக் கிண்ணத்தில்தான். அது நசுங்கினால் கதை முடிந்தது. பழனியம்மாளுடையது மடியில் மல்லாக்கப் போட்டு, இரும்புக் கட்டையைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கிற வகை. கழுத்து சதுரமாக, தடியாக இருக்கும். தந்திகளும் உயரத்தில் நிற்கும்.

கோயம்புத்தூரில் ஒரு விடுதிப் பள்ளியில் இசை சொல்லித்தர ஆள் தேடினார்கள். தங்க இடமும் உண்டு. பழனியம்மாளிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. வந்து வாசித்துக் காட்டுங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கிடாரைப் பத்திரமாகக் கொண்டுபோகப் பெட்டி கேட்டு வந்தார். நான் கடையில் இருந்த சாதாரண கிடார்ப் பெட்டியை எடுத்து அதில் படுக்க வைத்தேன். மூடி மூடவில்லை. முழங்காலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கி கிளிப்பை மாட்டினேன். புதுப் பெட்டி அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று வியாக்கியானம் வேறு.

பழனிக்கு இறங்குகிற மலைப்பாதையில் எத்தனை வளைவு உண்டோ அத்தனையிலும் பெட்டியின் மூடி கிண்ணத்தை அமுக்கிக்கொண்டே போயிருக்கிறது. கோயம்புத்தூரில் எடுத்து வாசித்தால், பாத்திரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம். அவர்கள் மரியாதையாகக் கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலை வேறு ஒருவருக்குப் போனது. மறுநாள் கடைக்கு வந்த பழனியம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க முழங்கால வச்சு அமுக்குனப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சுண்ணே. கடைக்காரருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

மொத்த வியாபாரி

புதுக் கிண்ணத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து நானே மாட்டிக் கொடுத்தேன். வந்து சேர மூன்று மாதம் ஆனது. அதற்குள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தவர் நின்றுவிட்டார். தை முடிந்து வாருங்கள், இன்னொரு தடவை கேட்கிறோம் என்று பழனியம்மாளுக்குப் போன் வந்தது. ஒரு தடவை கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்பதே பெரிய விஷயம். மூன்றாம் தடவையெல்லாம் யாரும் கூப்பிடமாட்டார்கள். இந்த முறை பெட்டி என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அப்படி ஒரு பெட்டி எங்கேயாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.

எனக்குச் சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரி சமவெளியில் இருக்கிறார். கழுத்து அகலம், உடம்பின் ஆழம், தந்தி நிற்கிற உயரம் எல்லாவற்றையும் அளந்து, படம் வரைந்து, போட்டோ எடுத்து அனுப்பினேன். "புரிஞ்சுபோச்சு சார்" என்றார். பத்து நாள் கழித்து ஒரு பெட்டி வந்தது. அது வயலினுக்கு. திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்தது நான் முதலில் பழனியம்மாளுக்குக் கொடுத்த அதே பெட்டி, நிறம் மட்டும் சிவப்பு. போன் போட்டுக் கத்தினேன். கழுத்து சதுரம், பெட்டியில் கழுத்து வைக்கிற பள்ளம் குறுகல், எப்படி ஐயா உள்ளே போகும் என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு கேட்டார்:

"கழுத்த லேசா சீவிவிட்டுட்டா என்ன சார்?"

பூண்டுப் பரண்

எங்கள் ஊர் மூடுபனியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கவிதை எழுதுவார்கள். அது தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் பூப்பதையும், தந்திகளில் துரு ஏறுவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளே பஞ்சு வைத்த பெட்டி என்றால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கிடாருக்கே பரிமாறும்.

அளவு பார்ப்பதற்காக என்னிடம் இருந்த பழைய ஃபைபர் பெட்டி ஒன்றைப் பழனியம்மாளின் கணவர் வேலுச்சாமியிடம் கொடுத்து அனுப்பினேன். கிடாரை வைத்துப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான் சோலி. போகிற மனிதரைக் கூப்பிட்டு, "ஈரம் மட்டும் படக்கூடாது, நல்லா காஞ்ச எடத்துல வைங்க" என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு.

பூம்பாறை வீடுகளில் காய்ந்த இடம் என்றால் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அடுப்புக்கு மேலே பரண். அறுவடை செய்த பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி அங்கே தொங்கவிடுவார்கள். கீழே விறகு எரிய எரிய மேலே புகை ஏறும். வேலுச்சாமி என் பெட்டியையும் கைப்பிடியில் கயிறு கட்டி, பூண்டுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறார். நல்லவேளை, கிடார் பழனியம்மாள் மடியில் இருந்தது. ஒரு வாரம் கழித்து பெட்டி வந்தது. உள்ளே ஒட்டியிருந்த வெல்வெட் உரிந்து தொங்குகிறது. பசை இளகி ஓடியிருக்கிறது. கடை முழுக்கப் பூண்டு வாசம். அன்றைக்குப் புல்லாங்குழல் கேட்டு வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டே போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேலுச்சாமிக்கு என்மேல்தான் வருத்தம்:

"பூண்டு வருசம் பூரா கெடக்கு அங்க, ஒரு பல்லுகூடக் கெடாது. ஒங்க பொட்டி ஒரு வாரம் தாங்கலையேண்ணே, என்னத்தத்தான் விக்கிறீங்க?"

சாக்லேட் கேட்ட குடும்பம்

கொடைக்கானலில் கடை வைத்திருந்தால், அது வக்கீல் ஆபீசாக இருந்தாலும் ஹோம்மேட் சாக்லேட் இருக்கா என்று கேட்டு ஆள் வரும். அன்றைக்கு வந்தது ஒரு குடும்பம், ஏழு பேர். சாக்லேட் இல்லை என்றதும் மழைக்கு ஒதுங்கினார்கள். குடும்பத் தலைவர் நல்ல ஆகிருதி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மொத்த வியாபாரி அனுப்பிய சிவப்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். மூடி படக்கென்று உள்ளே போனது. அவரும் கொஞ்சம் போனார்.

எழுப்பி நிறுத்தி, இது கிடாரைப் பாதுகாக்கிற பெட்டி, உட்காருகிற ஸ்டூல் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். அவர் பேண்டைத் தட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"உக்காந்தாலே உடையுற பெட்டி, உள்ள இருக்கிறத எப்படிங்க பாதுகாக்கும்?"

அந்தோணியின் மானம்

அந்தக் கேள்வி எனக்கு ராத்திரியெல்லாம் எரிச்சலாக இருந்தது. காரணம், அந்த ஆள் கேட்டது சரி. பேருந்தில் ஒருவர் மூட்டையைத் தூக்கி மேலே வைத்தால் என்ன ஆகும்? இனி யாரிடமும் பெட்டி கேட்கப் போவதில்லை, செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அந்தோணிராஜ் என் கூட்டாளி. எங்கள் ஊர் மூஞ்சிக்கல்லில் ஜீப்புகளுக்கு சீட் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். பிளைவுட்டில் பெட்டி அடித்து, மூடிக்கு உள்பக்கம் குறுக்குச் சட்டம் கொடுத்து, மேலே ரெக்சின் ஒட்டினான். ஏறி நின்று பார்த்தோம், அசையவில்லை. சந்தோஷமாகத் திறந்தால், உள்ளே ஜீப் சீட்டுக்கு வைக்கிற பஞ்சைக் கீழே, மேலே, நடுவே என்று ஓர் இடம் விடாமல் அடைத்திருக்கிறான். கையை வைத்தால் மணிக்கட்டு வரை போகிறது.

"ஏலே, நடுவுல ஒண்ணும் படக்கூடாதுன்னு எத்தன வாட்டி சொன்னேன்?" என்றேன். அடியில், ஓரத்தில், கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் பஞ்சு தாங்கவேண்டும். உலோக மூடிக்கும் தந்திக்கும் நேராக வெற்றிடம்தான் இருக்கவேண்டும். அவன் நம்பவில்லை. மெத்தென்று இருந்தால் எப்படி அமுக்கும் என்று வாதம். பக்கத்து ஓட்டலில் பரோட்டா மாவு ஓர் உருண்டை வாங்கி வந்து, அளவுக்காகப் பழனியம்மாள் விட்டுவிட்டுப் போயிருந்த கிடாரை உள்ளே வைத்து, அதன் உலோக மூடிமேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் உருண்டையை வைத்துப் பெட்டியை மூடித் திறந்தோம். உருண்டை வட்டமாகத் தட்டையாகி, கல்லில் போடத் தயாராக இருந்தது.

அந்தோணி முகம் சுருங்கிப்போனது. நடுப்பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுத்தான். மறுபடி மாவு, மறுபடி மூடினோம். எட்டாவது உருண்டை உருண்டையாகவே வெளியே வந்தது. எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அவனோ நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"நடுவுல பஞ்சு இல்லாம தச்சுக் குடுத்தேன்னு எவன்கிட்டயும் சொல்லிராதப்பா. அப்புறம் ஒரு ஜீப்காரன் என் பட்டறைப் பக்கம் வரமாட்டான்."

குதிரைப் பரீட்சை

பெட்டி தயார். கோயம்புத்தூருக்குப் போக ஆறு நாள் இருந்தது. வேலுச்சாமி வந்தார், தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். நீங்கள் மேசைமேல் வைத்து மூடித் திறந்ததெல்லாம் கணக்கில் வராது, நான் ஒரு தடவை சோதித்துக்கொள்கிறேன் என்று காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

பூம்பாறை இருக்கிற மேல்மலையில் ஜீப் போகாத காட்டுக்கு எருவும், அங்கிருந்து உருளைக்கிழங்கும் குதிரைமேல்தான் போய்வரும். இவர் கிடார் படுக்கிற இடத்தில் அட்டையோடு முப்பது முட்டையைக் கட்டி வைத்து, பெட்டியைக் குதிரையின் ஒரு பக்கம் தொங்கவிட்டு, மறுபக்கம் எடைக்கு எடை கிழங்கு மூட்டையைக் கட்டி, சரிவில் இறக்கி ஏற்றியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தபோதுதான் இதைச் சொன்னார். என் பெட்டியை எருமூட்டைபோலக் கட்டிக்கொண்டு போக இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வாய்க்கு வந்தபடி கத்தினேன். மனிதர் நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்:

"முட்டைக்கு ஒண்ணும் ஆகலண்ணே. குதிரைக்குத்தான் விலாவுல சிராய்ச்சுப்போச்சு, பொட்டி மூலைய கொஞ்சம் உருட்டி விடச் சொல்லுங்க."

இருக்கை

மூலைகளை உருட்டிக் கொடுத்தோம். சொல்லவே வாய் வரவில்லை, ஆனால் பெட்டி அதற்குப் பிறகுதான் பார்க்கப் பெட்டிபோல இருந்தது.

கிளம்புகிற அன்றைக்கு வெள்ளனே பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டேன். பழனியம்மாள் பச்சைப் பட்டுச்சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தார். நடத்துனர் பெட்டியைப் பின்னால் டிக்கியில் போடச் சொன்னார். நான் சண்டைக்குப் போனேன். டிக்கியில் ஏற்கனவே கேரட் மூட்டைகள் கிடந்தன. அவரும் விடவில்லை. நடைபாதையில் வைத்தால் ஆள் எப்படி ஏறும், மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று அவர் பங்குக்குக் கத்தினார். அவரும் நம்மைப்போல ஒரு தொழில்காரர்தானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வேலுச்சாமி இரண்டு பேரையும் விலக்கிவிட்டு உள்ளே ஏறினார். மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்தார். தனக்கு எடுத்த இருக்கையில் பெட்டியை நிமிர்த்தி வைத்து, தோள்துண்டால் கம்பியோடு கட்டினார். பிறகு அதன் பக்கத்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழனி வரைக்கும் இப்படியேதான் என்று தெரிந்தது. வண்டி நகரும்போது நடத்துனர் கேட்டது கீழே நின்ற என் காதில் விழுந்தது:

"ஏய்யா, ஆளு நிக்கிறீரு, பொட்டி ஒக்காந்துருக்கு. டிக்கெட்டு ஒங்களுக்கா அதுக்கா?"

ஒரு புகார்

சாயங்காலம் பழனியம்மாள் போன் செய்தார். கிடார் வைத்தபடியே போய்ச் சேர்ந்திருக்கிறது, தந்தியின் சுருதிகூட இறங்கவில்லை, முக்கால் மணி நேரம் வாசித்திருக்கிறார். இரண்டு நாளில் வேலைக்கு வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அண்ணே, அண்ணே என்று இரண்டு தடவை கூப்பிட்டார். முழங்காலை வைத்து அமுக்கிய நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது. அந்தோணிக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வேலுச்சாமி வந்தார். வாங்க ஒன்றும் இல்லை, சும்மா வந்ததாகச் சொன்னார். கடைக்குள் நின்று சுவரில் மாட்டியிருந்த கிடார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாளாம். பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்று சுற்றி வருகிறார்களாம். பள்ளிக்கூடம் லீவு விட்டால்தான் வரமுடியும். காட்டு வேலை முடிந்து வந்து தானே உலை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெருமையும் இருந்தது. பொய் இல்லை.

நான் டீ வரவழைத்தேன். குடித்து முடித்து தம்ளரைக் கீழே வைத்தவர், வாசல் வரைக்கும் போய், பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிடார் வாங்கிப் போனவர்கள் யாரும் இப்படி வந்து நின்றிருக்கமாட்டார்கள். என்ன வேலுச்சாமி என்று கேட்டேன். திரும்பாமலேயே சொன்னார்:

"மொதப் பொட்டி மாதிரியே செஞ்சு குடுத்துருக்கலாம்லண்ணே."

கிடாரை நசுக்குகிற பெட்டி கொடுத்தால் மனைவிக்கு வேலை கிடைப்பதில்லை, நசுக்காத பெட்டி கொடுத்தால் கணவன் வந்து வாசலில் நிற்கிறான், இதற்கு நடுவில்தான் சார் நாங்கள் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறோம்.